சாம்பாரில் கிடந்த முடி

வேணாம் தாயி, நீ சாப்பிடு. கோவிச்சுக்காத. வடை நல்லாத்தான் இருக்கும், வாசனையே சொல்லுது. ஆனா வெளிய வாங்குன எதையும் என்னால வாயில வைக்க முடியாது. வீட்டுலயும் முடியாதுன்னு வச்சுக்கயேன். பிட்டுப் பாத்து, வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்து, அப்பவும் உள்ள ஒண்ணு கெடக்குமோன்னு ஒமட்டிக்கிட்டு வரும். தலைமயிருதான், வேற என்ன. நீ திங்கும்போது சொல்றேன் பாரு, எனக்கும் புத்தி கெட்டுப்போச்சு. நீ தின்னுட்டுக் கையத் தொடை, அப்புறம் சொல்றேன்.

இந்த பஸ்ஸுல ஒட்டன்சத்திரம் வரைக்குமா போற? நானும் அங்கதான். என் நாத்தனாளைக் கூட்டிட்டு வரப் போறேன். வரமாட்டேங்கிறா. நன்றி கெட்ட ஜென்மம். நீ படிச்ச பிள்ளையாத் தெரியிற, நடந்ததைச் சொல்றேன், நீயே ஞாயத்தைச் சொல்லு.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி வெள்ளத்தாய் மெஸ்ஸுன்னு கேள்விப்பட்டிருக்கியா? அந்த வெள்ளத்தாய் நான்தான். கல்லாவுல நான் உக்காருவேன். எலை போட்டுப் பரிமாறுறது என் வீட்டுக்காரர் சோலைராசு. அடுப்படி அவர் தங்கச்சி தவமணி. அவ புருசன் லாரி கவுந்து போய்ச் சேந்துட்டான், பிள்ளைகுட்டி இல்ல. நான்தான் வச்சுக் காப்பாத்துனேன். சம்பளம்னு எதுவும் கிடையாது. வீட்டு மனுசிக்கு யாராச்சும் சம்பளம் குடுப்பாகளா? மூணு வேளைச் சோறு, தீவாளிக்கு ஒரு சேலை. ஒரு கொறை வச்சதில்ல நான்.

கைமணம் இருக்கு அவளுக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். கோர்ட்டு ஆளுக, பேங்க் ஆளுக, பூட்டுக் கம்பெனி ஆளுக எல்லாம் அந்தச் சாம்பாருக்குத்தான் வருவாக. அந்தச் சாம்பார்லதாம்மா விழுந்துச்சு.

வக்கீல் குமாஸ்தா ஒருத்தர், எத்தனையோ வருசமா வர்ற மனுசன். சோத்தைப் பெசஞ்சு வாயில வச்சவரு, அப்படியே நிறுத்திட்டு ரெண்டு விரலை வாய்க்குள்ள விட்டு இழுக்கிறாரு. இழுக்கிறாரு, இழுக்கிறாரு, வந்துக்கிட்டே இருக்கு. முழ நீளத்துக்கு மயிரு, பருப்பு ஒட்டிக்கிட்டு. எலை ஓரத்துல வச்சாரு. கையக் கழுவிட்டுப் போனவருதான், இன்னைய வரைக்கும் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கல. அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடல. கண்ண மூடுனா அந்தப் பருப்பு ஒட்டுன மயிரு.

அப்புறம்தான் கவனிச்சேன், எங்க பாத்தாலும் மயிரு. குளிக்கிற ரூம்ல தண்ணி போகமாட்டேங்குதுன்னு குச்சியை விட்டுக் கிண்டுனா, செத்த பெருச்சாளி கணக்கா ஒரு உருண்டை வருது. த்தூ. மாவுச்சட்டி மூடியில மயிரு, தண்ணிக் குடத்துல மயிரு. தவமணிக்குப் பின்னல் இடுப்புக்குக் கீழ தொங்கும். அது எலி வால் மாதிரி ஆகிப்போச்சு. வேற யாருதா இருக்கும் அது? எனக்கு இந்தக் கொண்டை, பாத்தியா, பாதிக்கு மேல சவுரிதான். என் தலையில உதுர்றதுக்கு என்ன இருக்கு? அது கல்லாவுல உக்காந்து கவலைப்பட்டு எப்பவோ கொட்டிப்போச்சு.

மயிரு மட்டும்னா பரவாயில்ல. ஆளே பாக்கச் சகிக்கல. மூஞ்சி தண்ணியில ஊறுன பன்னு மாதிரி உப்பிக்கிருச்சு. புருவம் ஓரத்துல உதுந்துபோச்சு. காலெல்லாம் செதில் செதிலா, நடந்தா தரையில மாவு கொட்டுனாப்பல கெடக்கும். அடுப்புக்கு முன்னாடி நின்னுக்கிட்டுக் குளுருது மதினிங்கிறா. சித்திரை மாசத்துல! முந்தானையைக் கழுத்தைச் சுத்திப் போத்திக்கிட்டு நிப்பா. தொண்டை ஆம்பளைத் தொண்டையா மாறிப்போச்சு. மாசத்துல பாதி நாளு வீட்டுக்குத் தூரமாயிட்டேம்பா. வெங்காயம் உரிக்க உக்காந்தான்னா அரிசி மூட்டையில சாஞ்சு தூங்கிருவா, வாயத் தொறந்துக்கிட்டு. உப்புப் போட்டாளா போடலையான்னு அவளுக்கே தெரியாது.

நானும் கல்லாவுல கண்ணசருறவதான். அது வேலைக் களைப்பு. எனக்கும் குளிர் ஆகாதுதான், இந்தா, வெயில் வந்தும் சால்வையை எடுக்கலையே. அது வாத ஒடம்பு, எங்கம்மாவுக்கும் அப்படித்தான். இவளுதுக்குப் பேரு சோம்பேறித்தனம், வேற என்ன?

ஒடம்பு பெருத்துக்கிட்டே போச்சும்மா. மெஸ் சோத்தை அள்ளி அள்ளித் திங்கிறா போலன்னு நெனைச்சேன். நானே அளந்து வைக்க ஆரம்பிச்சேன். மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு, ராத்திரி ஒரு இட்லி. கொறையணுமா இல்லையா? இன்னும் ஊதுறா. அப்போ திருடித் திங்கிறான்னுதான அர்த்தம்? அதைக் கேட்டேன். அழுதா. அழுகை வந்தாலும் அந்த மூஞ்சியில கண்ணுத்தண்ணி எறங்க வழி தெரியாம நிக்கும். எனக்கு அதைப் பாத்தாலும் குமட்டுச்சு. பாவமா இல்லையான்னு கேக்காத, குமட்டுனா குமட்டுச்சுன்னுதான் சொல்லுவேன்.

சுகந்தின்னு ஒரு நர்சு. எங்க மெஸ்ஸுல பார்சல் வாங்க வரும். அது ஒருநா நேரா அடுப்படிக்கே போயி, இவ முந்தானையை விலக்கிப் பாத்துட்டு வந்து சொல்லுது, அக்கா, இவங்களுக்குத் தைராய்டு இருக்கும்போல, ரத்தம் பாக்கணும்னு. எனக்கு வந்துச்சு பாரு கோவம். சாப்பாடு வாங்க வந்தவ வாங்கிட்டுப் போகவேண்டியதுதான. எங்க வீட்ல அந்த மாதிரிச் சீக்கெல்லாம் கிடையாதுன்னு சொல்லிட்டேன். பத்துப் பேரு சாப்பிடுற எடத்துல நின்னுக்கிட்டு ரத்தங்கிறா.

நான் என்ன முட்டாளா? இதுக்கு வழி எனக்குத் தெரியாதா? பழனிக்குக் கூட்டிட்டுப் போய் மொட்டை போட்டுட்டா முடிஞ்சுச்சு. சாமிக்குக் குடுத்தாப்பலயும் ஆச்சு, சாம்பார்ல விழுகிறதும் நின்னுரும், பெறகு மொளைக்கிறது கருகருன்னு மொளைக்கும். பிள்ளைகளுக்கு அதுக்குத்தான மொட்டை போடுறோம்? சொன்னதும் அவ பின்னலைக் கையில பிடிச்சுக்கிட்டா. அவரு போனப்பக்கூட இதை எடுக்கல மதினின்னா. சாமிக்குக் குடுக்கமாட்டேன்னு சொல்றியான்னு கேட்டேன். அதுக்கு மேல யாரு பேச முடியும்?

மொட்டைக் கொட்டகையில உக்காரவச்சு, கழுத்துல சுத்துன துணியை எடுக்கச் சொன்னாக. அவ எடுக்க யோசிச்சா. நானே உருவி எடுத்தேன். ஆத்தாடி, தொண்டைக்குக் கீழ ஒரு வீக்கம். எலுமிச்சம்பழத்தைத் தோலுக்குள்ள தச்சு வச்சாப்பல. எச்சி முழுங்குனா அது ஏறுது, எறங்குது. இத்தனை நாளா இந்தக் கழுத்தோடதான் என் வீட்டுச் சாம்பாரைக் கிண்டியிருக்கா. மறைச்சு வச்சிருக்கா பாரு. எத்தனை நாளாடி இதுன்னா, வலிக்கல மதினி, அதான் சொல்லலங்கிறா. தலைக்குச் சந்தனம் பூசும்போது கழுத்துக்கும் சேத்துப் பூசிக்கடின்னேன். என்னால முடிஞ்ச வைத்தியத்தைச் செஞ்சேன்.

அப்புறம் கேளு. எங்க கூட வந்து அன்னைக்கு மொட்டை போட்ட எங்க தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் சீவுற அளவுக்கு மயிரு வந்துருச்சு. இவளுக்கு வரல. அங்கொண்ணும் இங்கொண்ணுமா, மேய்ஞ்ச தரை மாதிரி. சாமியே வேணாம்னுருச்சுன்னு நெனைச்சேன்.

ஆனா சாம்பார்ல மட்டும் மயிரு விழுகிறது நிக்கல.

ஆமாம்மா. அதைத்தான் நானும் கேக்கிறேன். அவ தலையில ஒண்ணும் கிடையாது, ரசத்துல நீளமாக் கெடக்கு. எவனோ செய்வினை வச்சிருக்கான்னு ஒருபக்கம் நெனைப்பு. இன்னொரு பக்கம், இவளேதான் என்னைப் பழிவாங்கக் குப்பையில கெடக்கிறதைப் பொறுக்கிப் போடுறான்னு தோணுச்சு. நேராவே கேட்டுட்டேன். அவ என் தலையவே பாத்துக்கிட்டு நின்னா தாயி. கொண்டையவே பாக்கிறா. என்ன கொழுப்புன்னு பாரேன். அண்டாவுக்குள்ள எட்டி எட்டிப் பாத்து உப்பு, ஒரப்புப் பாக்கிறதெல்லாம் நான்தான், நான் அவ்வளவு அக்கறையா நிக்கிறேன், என்னையப் போயி.

இதுக்கிடையில அந்தச் சுகந்தி என்ன பண்ணுச்சு தெரியுமா? எனக்குத் தெரியாம, விடிஞ்சும் விடியாம, பச்சைத் தண்ணி தவிர ஒண்ணும் குடுக்காம இவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி ரத்தம் எடுத்துட்டு வந்துருச்சு. தைராய்டு கம்மியாம். கழுத்துல ஒரு சுரப்பியாம், அது வேலை செய்யலைன்னா ஒடம்புல எதுவும் ஓடாதாம். மயிரு கொட்டுறது, குளுருறது, ஊதுறது, தூங்குறது எல்லாம் அதாலயாம். நம்ம வீட்ல எம்புட்டுப் பொம்பளைக தூங்கி வழியிறாளுக, எல்லாருக்குமா சுரப்பி கெட்டுப்போச்சு?

கடுகு கணக்கா ஒரு மாத்திரை. ஒரு டப்பா நெறையக் குடுத்துட்டாக. எந்திரிச்சதும் வெறும் தண்ணியில முழுங்கணுமாம். ஒரு மணி நேரத்துக்குக் காப்பி கூடாது, சோறு கூடாது. இருட்டுல அடுப்புப் பத்தவைக்கிற வீட்டுல இது நடக்குமா? என் காப்பியோட சேத்து முழுங்குன்னு நான் குடுத்தா, வேணாம் மதினின்னு அவ காத்துக்கிட்டு நிப்பா. நான் போட்ட காப்பி ஆறி ஆடை கட்டிப்போயி நிக்கும். அதை யாரு குடிப்பா? இதுல ஆயுசு பூரா சாப்பிடணுமாம். எனக்கு அந்த டப்பாவைப் பாத்தாலே பத்திக்கிட்டு வரும்.

சரி, கொணம் தெரிஞ்சுச்சு. இல்லைன்னு சொல்லல. கொஞ்ச மாசத்துல மூஞ்சி வத்துச்சு. தொண்டை தெளிஞ்சுச்சு. மூணு ஆள் செய்ற வேலையை ஒரு ஆளாச் செய்ய ஆரம்பிச்சா. அண்டாவைக் கழுவும்போது பாட்டு வேற. மண்டையில பூனை மயிரு மாதிரி மொளைச்சும் வந்துச்சு. அதான் நல்லாயிருச்சேன்னு நான் டப்பாவை எடுத்துச் சாக்கடையில கொட்டிட்டேன். காய்ச்சல் விட்ட பெறகும் எவளாச்சும் மாத்திரை திம்பாளா? மருந்து ஒடம்புக்குச் சூடு. அவ நல்லதுக்குத்தான் செஞ்சேன். அவளும் சரி மதினின்னா. ஆஸ்பத்திரிக்குப் போய் வேற வாங்கணும்னா அரைநாளு வேணும்ல, அதை நான் குடுக்கல, மெஸ்ஸை யாரு பாக்கிறது?

என்ன அப்படிப் பாக்கிற? கேளு.

பழையபடி ஆரம்பிச்சுட்டா. குளுருதுங்கிறா, தூங்குறா, கூப்பிட்டா ரெண்டாவது தரம்தான் திரும்புறா. நடிப்புன்னு நெனைச்சேன். ஒருநா கஞ்சி வடிக்கிறா, அப்படியே கண்ணு சொருகி அண்டாவோட சாஞ்சுட்டா. கொதிக்கிற கஞ்சி முழங்காலுக்குக் கீழ பூரா. ஒரு அண்டாச் சோறும்மா! வெளிய பந்தி உக்காந்திருக்கு, எலை போட்டாச்சு, சோறு முழுக்க சாக்கடையில. அன்னைக்கு வந்த ஆளுககிட்ட நான் பட்ட அவமானம் எனக்குத்தான் தெரியும். அவ கத்தக்கூட இல்ல. தோலு உரிஞ்சு வருது, கத்தாம உக்காந்து அதையே பாத்துக்கிட்டு இருக்கா. அந்த வாடை இன்னும் மூக்குல நிக்குது.

என் வீட்டுக்காரர் பேசாத மனுசன். கல்யாணமான நாள்லருந்து என்னை எதுத்து ஒரு சொல் சொன்னதில்ல. தங்கச்சியைத் தூக்கி ஆட்டோவுல வச்சுட்டு என்கிட்ட வந்து நின்னாரு. சொன்னாரு, "மாத்திரையைக் கொட்டுனப்ப நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இனிமே அவ உன் அடுப்படிக்கு வரமாட்டா." அம்புட்டுத்தான். கோவத்துல சொல்றாருன்னு நெனைச்சேன். நெசமாவே வரல.

அந்தச் சுகந்திக்கு ஒட்டன்சத்திரத்துக்கு மாத்தலாயிருச்சாம். கால் ஆறுனதும் இவளையும் கூட்டிட்டுப் போயி, அங்க ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல சமையலுக்குச் சேத்துவிட்டுருச்சு. சம்பளமாம், ஒரு நாளு லீவாம். என் வீட்டுக்காரர் ஞாயித்துக்கெழமை ஆனா கெளம்பிப் போயிர்றாரு, தங்கச்சி கையால சாப்பிட்டுட்டுப் பொழுது சாய வருவாரு. என் வீட்டுல அவருக்குச் சோறு எறங்கமாட்டேங்குதாம். எனக்கு மட்டும் எறங்குதா?

மெஸ்ஸு படுத்துப்போச்சு. சமையலுக்கு ஆள் வச்சேன், ஒருத்தி நிக்கல. நானே கிண்டுறேன், வாயில வைக்க முடியல. எனக்கு உப்பு மறந்துபோகுது. படியேறுனா மூச்சு வாங்குது. விடியக்காலை எந்திரிக்கணும்னு நெனைச்சா ஒடம்பு கல்லு மாதிரி கெடக்கு. கத்திக் கத்தித் தொண்டையும் கட்டிப்போச்சு, கேக்கிறேல்ல, பனை ஓலையை உரசுனாப்பல. எல்லாம் அவ விட்டுட்டுப் போன வேலையை நான் இழுத்துப் போட்டுச் செய்றதால. போன வாரம் பேங்க் தம்பி எலையிலயும் மயிரு கெடந்துச்சு. கருமம், அவ போயும் விடல.

அதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நேத்துப் போன் போட்டேன். எடுத்த எடுப்புல, தொண்டை என்ன மதினி இப்படி ஆகிப்போச்சுன்னா. அப்புறம் ஒவ்வொண்ணாக் கேக்கிறா. தூங்குறீகளா மதினி, கால் வீங்குதா மதினி, குளுருதா மதினின்னு. நான் நெனைச்சேன், சரி, மனசு எளகிருச்சு, பாசம் போகுமா. நான் வரேன்டின்னேன். அதுக்கு அவ சொன்னதை அப்படியே சொல்றேன் கேளு: "நானே கூப்பிடணும்னு இருந்தேன் மதினி. மொத பஸ்ஸுக்கே வந்துருங்க. காப்பி வேணாம், ஒண்ணும் சாப்பிட வேணாம், வெறும் வயித்தோட வாங்க. நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்."

பாத்தியா? விருந்து வைக்கப் போறா. வயித்தைக் காயப்போட்டுட்டு வாங்க, என் கையால சாப்பிடுங்கங்கிறா. ஒரு வகையில சந்தோசம்தான். அவ சாப்பாட்டுல எனக்கு அந்த அருவருப்பு வருமோ வராதோ தெரியல. ஆனா உண்மையச் சொல்லவா, வேற யாரு கையால சாப்பிட்டும் நாக்குக்கு ஒண்ணும் தெரியல. சாப்பிட்டுட்டு, மெதுவாப் பேச்சை எடுத்து, சாயங்காலம் கையோட கூட்டிட்டு வந்துருவேன். சம்பளம் கேட்டாலும் குடுக்கலாம்னு இருக்கேன். அந்த மாத்திரையையும் தின்னுட்டுப் போகட்டும், நான் கண்டுக்கல. வேற எம்புட்டு எறங்கி வரணும் ஒரு மனுசி?

ஒட்டன்சத்திரம் வந்துருச்சா? அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் குடு தாயி, முட்டி மடங்கமாட்டேங்குது. மெல்ல மெல்ல. கையைப் பிடிச்சுக்க.

அந்தா, தவமணி. கிராப்பு வெட்டுன பையன் மாதிரி நிக்கிறா பாரு, அந்த நீலச் சேலை. எப்படித் துலக்கமா ஆயிட்டா. காலுல மட்டும் அந்தத் தழும்பு. என்னைப் பாத்துட்டா, கையக் காட்டுறா. பக்கத்துல அந்த நர்சு எதுக்கு நிக்கிறா? விருந்துக்கு அவளையும் கூப்பிட்டிருப்பா போல, கூப்பிட்டுட்டுப் போகட்டும். ஆட்டோ வேற பிடிச்சு வச்சிருக்கா, என்ன மரியாதை பாரு. ஆட்டோக்காரர்கிட்ட என்னமோ சொல்றாளே. ரத்தம் எடுக்கிற எடத்துக்கு விடச் சொல்றாளா? உனக்கும் அப்படித்தான் கேட்டுச்சா?

பாவம், யாருக்கு என்ன சீக்கோ தெரியல.